கரடியைத் தேடி மூன்று காடுகளில்

என் மகனுக்கு எட்டு வயதாயிருந்தபோது அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். “பரீட்சை முடியட்டும். காட்டில் சுதந்தரமாய் உலாவும் கரடியை உனக்குக் காண்பிக்கிறேன்” என்றேன். பரீட்சை முடிந்தது, உடனே கன்வென்ஷன் கூட்டங்கள் வந்தன. மறு ஆண்டு ஆலயக் கட்டட வேலை. அதற்கடுத்த ஆண்டு, புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின இரவில் சபையின் மூப்பர் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையை மேய்ப்பன் அல்லவா நடத்தவேண்டும்? இப்படியே ஏழு கோடை விடுமுறைகள் கடந்துபோயின.

சென்ற ஆண்டு ஒருநாள், உபவாசக் கூட்டம் முடிந்து இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பினேன். உணவு பரிமாறிக்கொண்டே என் மனைவி சொன்னாள்: “தம்பி இப்போதெல்லாம் கரடியைப் பற்றிக் கேட்கிறதே இல்லை, கவனித்தீர்களா?” அவன் வளர்ந்துவிட்டான், மறந்திருப்பான் என்றேன். “மறக்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டான்” என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்பான வாசகர்களே, ஈஸ்டர் ஆராதனை முடிந்த மறுவாரமே நாங்கள் நால்வரும் புறப்பட்டோம். புனேயில் படிக்கும் மகளும் வந்து சேர்ந்தாள். விசுவாச சகோதரர் ஒருவர் தம் காரைக் கொடுத்து உதவினார். நாங்கள் வாழும் நாக்பூரிலிருந்து பெஞ்ச், கானா, சாத்புரா ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களையும் ஒரே சுற்றில் பார்த்து வரலாம் என்பது எங்கள் திட்டம்.

நம் நாட்டுக் கரடி

இந்தியாவில் நான்கு வகைக் கரடிகள் உண்டு. இமயமலைப் பகுதியில் பழுப்புக் கரடியும் ஆசியக் கருங்கரடியும், வடகிழக்கில் சூரியக் கரடியும் வாழ்கின்றன. நான்காவதான தேன்கரடியே தென்னிந்தியக் காடுகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் காணப்படுவது. சடைத்த கறுப்பு முடியும், மார்பில் வெண்ணிற வளைகோடும், வளைந்த நீண்ட நகங்களும் இதன் அடையாளங்கள். 1791-ல் ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் ஜார்ஜ் ஷா, அந்த நகங்களைக் கண்டு இதை மரத்தில் தொங்கும் ‘ஸ்லாத்’ (sloth) என்னும் பிராணியின் இனம் என்றே தவறாக எண்ணிப் பெயரிட்டார்.

இதன் முதன்மையான ஆகாரம் கரையானும் எறும்பும். மேல்வரிசையில் நடுவிலுள்ள இரண்டு பற்கள் இதற்கு இல்லை. புற்றைத் தோண்டி, மூக்குத் துவாரங்களை மூடிக்கொண்டு, அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சி எடுக்கும். அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். தேன், இலந்தை, நாவல், கொன்றைக் காய் ஆகியவற்றையும் விரும்பி உண்ணும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்த இனிய பூவும் இதற்குப் பிரியமானது. கோடைக்காலத்தில் இலுப்பைப்பூ பொறுக்க அதிகாலையில் காட்டுக்குள் செல்லும் ஏழை ஜனங்கள் கரடியால் தாக்கப்படுவதற்கு இதுவே காரணம். ஒரே மரத்தடிக்கு இருவரும் வருகிறார்கள்.

நான் சிறுவனாயிருந்தபோது, எங்கள் ஊர்த் தெருவில் மூக்கில் கயிறு கட்டிய கரடியைக் கொண்டுவந்து ஆடவைப்பார்கள். பயம் நீங்கும் என்று அதன் முடியைத் தாயத்தில் அடைத்துக் குழந்தைகளுக்குக் கட்டுவார்கள். அந்தக் கரடிகள் குட்டிகளாயிருக்கும்போதே தாயிடமிருந்து பறிக்கப்பட்டவை என்பது அந்நாளில் எனக்குத் தெரியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இத்தொழிலைத் தடை செய்தும், பல ஆண்டுகள் அது தொடர்ந்தது. பின்னர் கலந்தர் சமூகத்தாருக்கு வேறு பிழைப்புக்கு வழிசெய்து கரடிகளை மீட்டார்கள். தெருக்களில் ஆடிய கரடிகளில் கடைசியானது 2009-ல் ஒப்படைக்கப்பட்டது.

பெஞ்சிலும் கானாவிலும்

நாக்பூரிலிருந்து சிவனி செல்லும் நெடுஞ்சாலையில் பெஞ்ச் காடு குறுக்கிடுகிறது. அங்கே வாகனங்கள் உயர்ந்த பாலங்களின் மேல் செல்ல, விலங்குகள் அவற்றின் கீழே கடந்துபோக வழிவிட்டிருக்கிறார்கள். 1894-ல் வெளிவந்த ‘ஜங்கிள் புக்’ கதைகளின் களம் இந்தச் சிவனிக் காடுதான். அதில் வரும் ‘பாலு’ என்னும் கரடியின் பெயரும் இந்தியில் கரடிக்குரிய ‘பாலு’ என்ற சொல்லேதான். தேக்கு மரங்கள் இலையுதிர்த்து நின்றன. புள்ளிமான்களையும் செந்நாய்களையும் கண்டோம். கரடி தோண்டிய புற்றுகளைக் கண்டோம், கரடியைக் காணவில்லை.

கானாவில் சால மரங்கள் பசுமையாய் நின்றன. 1970-ல் வெறும் 66 ஆகக் குறைந்துபோன பாரசிங்கா மான்கள் அங்கே பாதுகாக்கப்பட்டு மீண்டும் பெருகியிருக்கின்றன. காலைப் பயணத்தில் ஒரு புலியும் தென்பட்டது. மற்ற ஜீப்புகளில் இருந்தவர்கள் ஆனந்தித்தார்கள். என் மகனோ புற்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில், காட்டின் எல்லையை நெருங்கும்போது வழிகாட்டி கையை உயர்த்தினார். வண்டி நின்றது. புதருக்குப் பின்னால் துருத்தி ஊதுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. “பாலு” என்று மெதுவாய்ச் சொன்னார். என் மகன் எழுந்து நின்றான். அந்த வேளையில் என் சட்டைப்பையிலிருந்த கைப்பேசி ஒலித்தது.

உறிஞ்சும் சத்தம் நின்றது. சருகுகள் மிதிபடும் ஓசை கேட்டு, அதுவும் அடங்கிப்போயிற்று. அரைமணி நேரம் காத்திருந்தோம், கரடி திரும்பவில்லை. மறுநாள் வீட்டுக்கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்கவே அழைத்திருந்தார்கள். என் மகன் கோபப்படவில்லை. மெதுவாய் உட்கார்ந்து வெளியே பார்த்தான். அவன் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்றிரவு உதவி ஊழியரை அழைத்து, மூன்று நாள் சபையை அவர் பொறுப்பில் விட்டேன். கைப்பேசியை அணைத்து மகளிடம் கொடுத்தேன்.

தென்வா நதிக்கு அப்பால்

கானாவிலிருந்து ஜபல்பூர் வழியாகச் சாத்புராவுக்கு ஒரு முழுநாள் பயணம். நர்மதாபுரம் மாவட்டத்தில் சோஹாக்பூருக்கு அருகே மடாய் என்னும் இடத்தில் தென்வா நதி குறுக்கிடுகிறது. படகில் நதியைக் கடந்தால்தான் காட்டுக்குள் போக முடியும். 1981-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டில் கரடியைக் காணும் வாய்ப்பு அதிகம் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

முதல் நாள் வெறுமையாயிற்று. இரண்டாம் நாள் விடியற்காலையில், பாறைகள் நிறைந்த ஒரு சரிவில், கறுப்பாய் ஒன்று அசைந்தது. தாய்க்கரடி! அதன் முதுகில், சடைமுடியை இறுகப் பற்றிக்கொண்டு இரண்டு குட்டிகள். அது புற்றருகே நின்று தோண்டியது. ஒரு குட்டி இறங்கி மண்ணை முகர்ந்தது. எங்கோ மயில் அகவியதும் ஓடிப்போய் மறுபடியும் முதுகின்மேல் ஏறிக்கொண்டது. என் மகன் மூச்சுவிடவும் மறந்தவனாய் நின்றான்.

குட்டிகளை இப்படி வழக்கமாய் முதுகில் சுமப்பது கரடிகளுள் இந்த இனமே என்று வழிகாட்டி சொன்னார். குளிர்காலத்தில் குகையில் பிறக்கும் குட்டிகள், வெளியே வந்தபின்னும் பல மாதங்கள் தாயின்மேல் சவாரி செய்யுமாம். இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் தாயோடே இருக்குமாம்.

“தகப்பன் கரடி எங்கே?” என்று என் மகன் இந்தியில் கேட்டான்.

“அது வராது, தம்பி. பிள்ளை வளர்ப்பதில் அதற்குப் பங்கில்லை.”

என் மகன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் மகள் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜீப்பில் ஒருவரும் பேசவில்லை.

தாவீதும் கரடியும்

அன்று மதியம் தங்குமிடத்தில் வேதத்தைத் திறந்தேன். 1 சாமுவேல் 17-ஆம் அதிகாரத்தில், ஆட்டைப் பிடித்த கரடியைக் கொன்று ஆட்டைத் தப்புவித்ததாக இளைஞனான தாவீது சவுலிடம் சொல்கிறான். இந்தப் பகுதியைக்கொண்டு எத்தனையோ வாலிபர் கூட்டங்களில் பிரசங்கித்திருக்கிறேன். 2 சாமுவேல் 17-ஆம் அதிகாரத்திலும் தாவீதும் கரடியும் சேர்ந்து வருகிறார்கள். அங்கே ஊசாய், குட்டிகளை இழந்து கொதித்துப்போன கரடிக்குத் தாவீதையே ஒப்பிடுகிறான். யாரிடம் அப்படிச் சொல்கிறான்? தகப்பனுக்கு விரோதமாய் எழும்பிய அப்சலோமிடம்!

தாவீது உண்மையிலேயே பிள்ளையை இழந்துகொண்டிருந்தான். 2 சாமுவேல் 14-ஆம் அதிகாரத்தின்படி, அப்சலோம் எருசலேமுக்குத் திரும்பி வந்த பின்னும் இரண்டு ஆண்டுகள் ராஜாவின் முகத்தைக் காணவில்லை. ஒரே பட்டணம், தகப்பன் அரமனையில், மகன் தன் வீட்டில். மந்தையின் ஆட்டுக்குட்டிக்காகக் கரடியோடு போராடியவன், தன் சொந்த மகனிடம் பேச நாள் ஒதுக்கவில்லை. மேய்ப்பனாகிய என்னை இந்த வசனங்கள் குத்தின.

உபாகமம் முதலாம் அதிகாரத்தில் மோசே, தேவன் இஸ்ரவேலை வனாந்தரத்தில் எவ்வாறு சுமந்தார் என்று நினைப்பூட்டுகிறான். தகப்பன் தன் பிள்ளையைச் சுமப்பதே அங்கே அவன் சொல்லும் உவமை. ஆண் கரடியின்மேல் குற்றமில்லை. அதன் இயல்பு அது. ஆனால் மனிதத் தகப்பனுக்கோ, தேவன் தம்மையே மாதிரியாக வைத்திருக்கிறார்.

அன்று மாலை நதிக்கரையில் மகனோடு உட்கார்ந்து, “வாக்குக் கொடுத்து ஏழு வருடம் ஏமாற்றினேன். மன்னித்துக்கொள்” என்றேன். அவன் வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தான். பிறகு சொன்னான்: “அந்தத் தாத்தாவின் அடக்கத்துக்கு நீங்கள் போனது சரிதான், அப்பா. ஆனால் திரும்பி வந்து, ‘போக முடியாமல் போய்விட்டதே’ என்று ஒருநாளும் நீங்களாகச் சொல்லவில்லையே.”

நான் பதில் சொல்லவில்லை, சொல்லவும் முடியவில்லை. ஊழியத்துக்காகப் போனதை அவன் குறையாக எண்ணவில்லை. அவனுடைய ஏமாற்றத்தை நான் கண்டுகொள்ளாததே அவனைக் காயப்படுத்தியது. ஒரே பயணத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். இப்போது திங்கட்கிழமை மாலைகளில் என் கைப்பேசி அணைந்திருக்கும். அந்த வேளை குடும்பத்துக்குரியது என்று சபையாரும் அறிவார்கள். சில திங்கட்கிழமைகளில் அவன் அதிகமாய்ப் பேசுவதில்லை. நானும் பிரசங்கிப்பதில்லை, பக்கத்தில் இருக்கிறேன்.

நகரத்தில் வாழும் பெற்றோரே

ஊரில் நம் பிள்ளைகளைச் சுமக்கத் தாத்தா உண்டு, பாட்டி உண்டு, மாமாவும் சித்தப்பாவும் உண்டு. பிழைப்புக்காக மும்பைக்கும் டெல்லிக்கும் பெங்களூருவுக்கும் வந்த நமக்கு அந்த முதுகுகள் இல்லை. தகப்பன் இரண்டாம் ஷிப்டுக்கும், மீந்த நேரத்தில் சபைக்கும் போய்விட்டால், தாய் ஒருத்தியே அந்தக் கரடியைப்போல எல்லாப் பிள்ளைகளையும் சுமக்கிறாள். நாம் கொடுத்து மறந்த வாக்கு எது என்று இன்றிரவே நம் பிள்ளைகளிடம் கேட்போம்.

கரடியைக் காண விரும்பும் குடும்பங்கள் பெங்களூருவிலிருந்து ஹம்பிக்கு அருகேயுள்ள தரோஜி சரணாலயத்துக்கும், டெல்லியிலிருந்து ரண்தம்போருக்கும், மும்பையிலிருந்து தாடோபாவுக்கும் போகலாம். மத்தியப்பிரதேசப் பூங்காக்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் சஃபாரி இல்லை. புதன்கிழமை பிற்பகலிலும் இல்லை. முன்பதிவும் அடையாள அட்டையும் அவசியம். மங்கிய நிற உடை அணியுங்கள், வண்டியை விட்டு இறங்காதேயுங்கள், அமைதியாயிருங்கள். தகப்பன்மாரே, புறப்படுமுன் கைப்பேசியை அணைத்துவிடுங்கள்.

நம்மை இம்மட்டும் சுமந்துவந்த பரம தகப்பன், நம் பிள்ளைகளைச் சுமக்க நமக்கும் பெலன் தருவாராக. ஆமென்.