எலிக்கு எதிரி... உழவருக்குத் துணை! பாம்பைப் படிக்க ஒரு முதலைப் பண்ணை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் இருக்கிறது முதலைப் பண்ணை. அழிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த இந்திய முதலை இனங்களைக் காப்பதற்காக, 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் குழுவினர் தொடங்கியது. இன்று பள்ளிப் பிள்ளைகள் மர நிழலில் நின்று ஊர்வனவற்றைப் பற்றி நேரில் கற்கும் திறந்தவெளி வகுப்பறையாகவும் இது இருக்கிறது.

வயல்வேலை செய்யும் குடும்பங்களுக்கு இங்கே முக்கியமான பாடம் முதலை அல்ல, பாம்பு! 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்

இந்த இறப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குதான். படமெடுப்பது நாகம். கறுத்த உடலில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள் இருந்தால் கட்டுவிரியன். முதுகில் சங்கிலிபோல் வட்டங்களும் குக்கர் விசில்போல் பலத்த சீறலும் கண்ணாடிவிரியனுக்கு. செதில்களை உரசி ரம்பம் அறுப்பதுபோல் ஒலி எழுப்புவது சுருட்டை. இவை தெரியாததால்தான், எலிகளைத் தின்று நெல்லைக் காக்கும் விஷமற்ற சாரை, நாகம் என்று அடிபட்டுச் சாகிறது.

இருளர்களின் கைவண்ணம்

பண்ணை வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இயங்குகிறது. பாம்புத்தோல் வணிகம் தடைபட்டுப் பிழைப்பிழந்த இருளர்களுக்கு, இது புதுவழி காட்டியது. பிடித்த பாம்பைச் சில வாரங்கள் பானையில் வைத்து விஷம் எடுத்தபின், மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்து, இப்படி எடுத்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கடித்துவிட்டால்...

கடிவாயைக் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இரவில் தரையில் படுத்திருந்தவருக்கு விடியலில் வயிற்றுவலி வந்து இமை தொங்கினால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனைச் சந்தேகிக்க வேண்டும்.

வரப்பில் இருட்டில் நடக்கும்போது டார்ச், காலுக்குச் செருப்பு, தரையில் படுத்தால் ஓரம் செருகிய கொசுவலை... இவை செலவு குறைந்த காப்பு. மாமல்லபுரம் சுற்றுலா போகும்போது, பிள்ளைகளை இங்கேயும் ஒருமுறை அழைத்துப் போங்கள்.