8, 9, 3... சீட்டாட்டத்தில் பிறந்த 'யாகுசா'!

ஜப்பானிய கேங்ஸ்டர் படங்களைப் பார்த்தவர்களுக்கு 'யாகுசா' என்ற சொல் பழக்கமானதுதான். ஆனால், அது மூன்று எண்கள் சேர்ந்த பெயர் என்பது தெரியுமா?

'யா' என்றால் 8, 'கு' 9, 'சா' 3. 'ஓய்ச்சோ-காபு' என்ற பழைய சீட்டாட்டத்தில், கையிலுள்ள சீட்டுகளைக் கூட்டி கடைசி இலக்கத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். 9 வந்தால் உச்சம். 8, 9, 3 வந்தால் கூட்டுத்தொகை 20, கிடைப்பதோ பூஜ்யம்! இப்படி 'உதவாத சீட்டு' என்ற பொருளில் பிறந்த சொல், சூதாடிகளுக்கும் பிறகு ரவுடிக் கும்பல்களுக்கும் பெயரானது.

கும்பல்கள் தங்களை அழைத்துக்கொள்வது 'நின்க்யோ தன்தாய்' என்று. எளியவர்களுக்குத் துணை நிற்கும் வீரர்களின் அமைப்பு என்று அர்த்தமாம்! போலீஸ் வைத்திருக்கும் பெயரோ 'போரியோகுதான்', அதாவது வன்முறைக் கும்பல். 1992-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் இதே பெயர்தான்.

இந்த முத்திரை விழுந்தவர்களுக்கு வங்கிக் கணக்கு, வாடகை வீடு, செல்போன் என எல்லாமே சிக்கல். 1960-களில் 1.8 லட்சமாக இருந்த கும்பல்காரர்களின் எண்ணிக்கை இப்போது 20,000-க்கும் கீழே வந்துவிட்டது.

ஆனால், கும்பலை விட்டு விலகினாலும் ஐந்து ஆண்டுகளுக்கு அந்தப் பெயர் விடுவதில்லை. திருந்தி வேலைக்குச் சேர்ந்தாலும், சம்பளம் போட வங்கிக் கணக்கு கிடைக்காமல் பலர் தவிக்கிறார்கள்.