சந்திரனில் பத்துச் சென்ரிமீற்றர்

அனலைதீவில் கிணறு வெட்டுவதென்பது ஆழத்துக்கு அஞ்சிச் செய்யவேண்டிய வேலை. சுண்ணக்கல்லின் ஊடாக இறங்கும் மழைநீர், கீழே ஊடுருவி நிற்கும் கடல்நீரின் மீது மெல்லிய படையாக மிதக்கின்றது. அளவோடு தோண்டினால் நன்னீர். அளவு மிஞ்சினால் உவர்நீர். மேலே நின்று பார்ப்பவருக்கு அந்த எல்லை தெரிவதில்லை. கற்பிட்டி போன்ற கரையோரங்களிலும் இதே நிலைதான்.

மேற்பரப்பைப் பார்த்து நிலத்தின் உள்ளே இருப்பதைச் சொல்லிவிட முடியாது என்னும் இந்த உண்மையே வேற்றுக் கிரகங்களின் மண்ணைத் துளைக்க முனையும் விஞ்ஞானிகளையும் வாட்டுகின்றது. பிறை பார்த்து நோன்பு நோற்கவும் பூரணை கண்டு விரதம் இருக்கவும் பழகிய நமக்குச் சந்திரன் நெருக்கமானது. எனினும் அதன் தரையில் மனிதர் துளைத்த ஆழம் ஏறத்தாழ 3 மீற்றர் மட்டுமே. 1971 இல் அப்பலோ 15 வீரர்கள் இறக்கிய துளைதண்டு மண்ணில் இறுகிக்கொள்ள, இருவர் தோள்கொடுத்தே அதனை வெளியே எடுத்தனர். சீனாவின் ஆளில்லாக் கலமான சாங் ஈ 5, 2020 இல் 1,731 கிராம் மண்ணைக் கொண்டுவந்தது. ஆயினும் 2 மீற்றர் இறங்கவேண்டிய அதன் துளைகருவி 1 மீற்றர் அளவிலேயே தடைப்பட்டு நின்றது.

செவ்வாயில் நேர்ந்தது இதனிலும் துயரமானது. 2018 நவம்பரில் தரையிறங்கிய நாசாவின் இன்சைட் கலத்தில், ஜேர்மனி செய்துகொடுத்த 40 சென்ரிமீற்றர் நீளமான, ஆணி போன்றதொரு கருவி இருந்தது. தன்னுள்ளே அமைந்த சுத்தியலால் தன்னைத்தானே அடித்து 5 மீற்றர் வரை இறங்குவது அதன் பணி. அவ்வாறு இறங்கச் சுற்றியுள்ள மண் சரிந்து அதன் பக்கங்களை இறுகப் பற்றவேண்டும்; பற்றினால்தான் ஒவ்வோர் அடியின் பின்னுதைப்பும் தாங்கப்படும். செவ்வாயின் மண்ணோ கட்டிபட்டு விலகி நின்றது. கருவி இருந்த இடத்திலேயே துள்ளியது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போராடி, 2021 ஜனவரியில் முயற்சியைக் கைவிட்டனர். எம்மைக் கேட்டால், தவறியது கருவியன்று, மண்ணைப் பற்றிய எதிர்பார்ப்பே என்போம்.

விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்டப் பணிப்பாளராக இருந்த சந்திரயான் 3, 2023 ஆகஸ்ட் 23 ஆம் திகதி சந்திரனில் இறங்கியது. அதிலிருந்த சேஸ்ட் என்னும் வெப்பமானி சுத்தியலை நாடவில்லை. மோட்டார் சுழல, 10 உணரிகள் பொருத்திய அதன் ஊசி சிறிது சிறிதாக உள்ளே தள்ளப்பட்டது. போன ஆழம் 10 சென்ரிமீற்றர்தான். ஆனால் மேற்பரப்பில் 50 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பம், 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை அளவுக்கு வீழ்ந்திருந்தது. காற்றற்ற சந்திரப் புழுதி வெப்பத்தைக் கடத்துவதில் அவ்வளவு மந்தமானது. தரைக்குச் சற்றுக் கீழே நீர்ப்பனி தங்கியிருக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இதுவே வலுவூட்டுகின்றது.

சந்திரயான் கலங்களைப் பரிசோதிப்பதற்கு இஸ்ரோ மண் தேடிச் சென்ற இடம் நாமக்கல் மாவட்டம். சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கும் அனோர்த்தோசைற் பாறை, சந்திரனின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களின் துணையுடன் அது பொடியாக்கப்பட்டுப் பெங்களூருக்குச் சென்றது. நாமக்கல் மண் சந்திரனுக்குப் போகவில்லை; சந்திரன்தான் நாமக்கல்லிலிருந்து பெங்களூருக்குப் போனது எனலாம்.

மூன்று இலட்சத்து எண்பதாயிரம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள மண்ணுக்குக் காட்டும் இந்த முன்னெச்சரிக்கை, குடிதண்ணீர் தரும் நிலத்துக்கும் காட்டப்படவேண்டும். தீவுகளின் நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலேற இடமுண்டு என்பது நீரியல் கணக்கு. கல்லைத் துளைக்கும் இயந்திரத்துக்கு இது தெரியாது. எனவே குழாய்க்கிணறு ஒன்றுக்கு அனுமதி வழங்குவதற்கு முன்னர், அயற்கிணறுகளில் மின்கடத்துதிறன் அளக்கும் கருவியை இறக்கி, எந்த ஆழத்தில் உவர் தொடங்குகின்றது என்று பார்ப்பதைக் கட்டாயமாக்கவேண்டும். அதற்கு விண்கலம் தேவையில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் போகும் படகில் கையில் எடுத்துச் செல்லக்கூடிய கருவிதான் அது.