புது அரேஞ்சர் கீபோர்டு: சவுண்டு எப்படி, செலவுக் கணக்கு எப்படி?

நம்ம பக்கத்துல வழக்கமா எஸ்.ஐ.பி., தங்கம், டேர்ம் இன்சூரன்ஸ்னுதான் பேசுவோம். இந்த வாரம் ஒரு கீபோர்டு. "சேனல் மாறி வந்துட்டோமோ"ன்னு நினைக்காதீங்க, கணக்கும் வருது.

சிறுமலையில இருக்கற என் அக்கா பையன் கீபோர்டு வாசிக்கறவன். கல்யாண ரிசப்ஷன், திருவிழா மெல்லிசைன்னு திண்டுக்கல் சுத்துவட்டாரம் பூரா போயிட்டு வருவான். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வாசிப்பான், அதுக்குக் காசு வாங்க மாட்டான், அதனால அது இந்தக் கணக்குல வராது. இவ்வளவு நாள் கச்சேரிக்குக் கச்சேரி வாடகைக்கு எடுத்துத்தான் வாசிச்சான். ஒரு நாளைக்கு 1,200 ரூபாய் வாடகை, கையில வர்றது 2,500. மிச்சம் 1,300. அதுல பஸ்ஸும் சாப்பாடும் போகணும்.

இப்போ சொந்தமா ஒண்ணு வாங்கிட்டான். யமஹா பி.எஸ்.ஆர்-எஸ்.எக்ஸ்600. பில் 80,000 ரூபாய், கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். மாடல் 2020-ல வந்தது, வீட்டுக்குத்தான் புதுசு. பணத்துல பாதிக்கு மேல அக்காவோட செயினை அடகு வெச்சு வந்தது. அதனாலதான் ரெண்டு ஞாயித்துக்கிழமை மலையேறிப் போய் உட்கார்ந்து கேட்டேன். இது ஸ்பான்சர் பதிவு கிடையாது.

முதல்ல, அரேஞ்சர்னா என்ன? நம்ம ஊர்ல எல்லாத்தையும் "கீபோர்டு"ன்னே சொல்லிடுவோம். ஆனா கடையில நாலு வகை இருக்கு. டிஜிட்டல் பியானோ, சிந்தசைசர், வொர்க்ஸ்டேஷன், அரேஞ்சர். மேடையில அதிகமா பார்க்கற ரோலண்ட் எக்ஸ்.பி.எஸ்-10 ஒரு சிந்தசைசர். அதுல ஸ்பீக்கரே கிடையாது. அரேஞ்சர்ல இடது கையில கார்டு பிடிச்சா போதும், டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் அந்தக் கார்டுக்குத் தகுந்த மாதிரி தானா பின்னாடி வாசிக்கும். அதுக்குப் பேர் ஸ்டைல். ஒவ்வொரு ஸ்டைலுக்கும் இன்ட்ரோ, நாலு மெயின் வேரியேஷன், நடுவுல ஃபில்-இன், கடைசில எண்டிங்னு பட்டன் இருக்கும். வலது கை மெட்டை வாசிக்கும். சுருக்கமா, ஒரு ஆள் உட்கார்ந்த இடத்துல அஞ்சு பேர் குழு. ரிசப்ஷன் பட்ஜெட் குறைஞ்சுபோன இந்தக் காலத்துல பாடகர் ரெண்டு பேர், கீபோர்டு ஒருத்தர், ஆக்டோபேட் ஒருத்தர்னு நாலே பேர்ல கச்சேரி முடியறதுக்கு இதுதான் காரணம். தபேலா, டோலக் வாசிச்சுப் பிழைச்சவங்களுக்கு இது நல்ல செய்தி இல்ல. அதையும் சொல்லிடணும்.

சவுண்டு எப்படி?

ஆன் பண்ணினதும் வர்ற பியானோ சவுண்டு நல்லா இருக்கு. மெதுவா தட்டினா மென்மையாவும், அழுத்தித் தட்டினா பளிச்சுன்னும் வருது. உண்மையான வாத்தியத்தைப் பல அழுத்தத்துல ரெக்கார்டு பண்ணி உள்ளே வெச்சிருப்பாங்க, அதுதான் சாம்பிள். விலை குறைஞ்ச கீபோர்டுல ஒரே ரெக்கார்டிங்கையே சத்தத்தைக் கூட்டிக் குறைச்சு ஓட்டுவாங்க. நீங்க கடைக்குப் போனா ஒரே கட்டையை மெதுவா ஒரு தடவை, பலமா ஒரு தடவை தட்டிப் பாருங்க. சத்தம் மட்டும் மாறுதா, இல்ல சவுண்டோட குணமே மாறுதா? வித்தியாசம் அங்கேயே தெரிஞ்சிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சாக்ஸும் கிட்டாரும். சூப்பர் ஆர்ட்டிகுலேஷன்னு சில வாய்ஸ் இருக்கு. ரெண்டு சுரத்தை ஒட்டி வாசிச்சா, நிஜ வாத்தியக்காரர் மூச்சு விடாம இழுக்கற மாதிரி வழுக்கிட்டுப் போகும். விட்டு விட்டு வாசிச்சா தனித்தனியா வரும். பழைய பாட்டோட சாக்ஸ் பிட் ஒண்ணை அவன் வாசிச்சப்போ, அடுப்படியில இருந்து அக்கா எட்டிப் பார்த்தாங்க. அதுக்கு மேல எனக்கு சர்டிபிகேட் வேண்டாம்.

மொத்தம் 850 வாய்ஸ், 415 ஸ்டைல். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு கச்சேரில 20 வாய்ஸ் பயன்படுத்தினாலே அதிகம். அதைவிட முக்கியமான எண் பாலிஃபொனி, இதுல 128. ஒரே நேரத்துல எத்தனை சுரம் ஒலிக்கலாம்ங்கறதுதான் அது. "எனக்குப் பத்து விரல்தானே"ன்னு கேட்பீங்க. ஸ்டைல் ஓடும்போது டிரம்ஸ், பேஸ், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் அந்த 128-லதான் பங்கு கேட்கும். சஸ்டெய்ன் பெடலை மிதிச்சா விட்ட சுரமும் நிக்கும். அளவு 32-ன்னு இருக்கற பழைய கீபோர்டுல இப்படி வாசிச்சா, முதல்ல பிடிச்ச சுரம் நடுவுல அறுந்துபோகும். கேஸியோவோட சி.டி-எக்ஸ் வரிசையில இது அதிகபட்சம் 64. வீட்டுப் பழக்கத்துக்கு அதுவே தாராளம்.

உள்ளேயே ரெண்டு 15 வாட் ஸ்பீக்கர் இருக்கு. வீட்டு ஹாலுக்கும் சின்ன ஜெபக்கூட்டத்துக்கும் போதும். மண்டபத்துக்குப் பத்தாது, லைன் அவுட்ல இருந்து மிக்ஸருக்குப் போயே ஆகணும். கீபோர்டோட சவுண்டை ஸ்பீக்கரை மட்டும் கேட்டு முடிவு பண்ணாதீங்க. ஒரு நல்ல ஹெட்போன் கையோட கொண்டு போங்க. மேடையில சனங்க கேட்கப் போறது ஸ்பீக்கர் சவுண்டு இல்ல, அந்த லைன் அவுட் சவுண்டு.

இனி நம்ம ஊர் விஷயம். வெளிநாட்டு அரேஞ்சர் எதை எடுத்தாலும் பாப், பாலட், லத்தீன், டான்ஸ் ஸ்டைல் கொட்டிக் கிடக்கும். நம்ம 6/8 குத்துக்கு, தவிலும் பம்பையும் உறுமியும் சேர்ந்து போற அந்த நடைக்கு, பெட்டியைத் திறந்ததும் கிடைக்கறது கம்மி. மாரியம்மன் பாட்டுக்கு ஐரோப்பிய 6/8 ஸ்டைல் போட்டா, அது அம்மன் பாட்டாவே இருக்காது. இதுக்கு ரெண்டு வழி. ஸ்டைல் கிரியேட்டர்ல நாமே உருவாக்கலாம், நேரம் பிடிக்கும். இல்லன்னா எக்ஸ்பான்ஷன் பேக் ஏத்தலாம். எஸ்.எக்ஸ்600-ல அதுக்கு 100 எம்.பி. இடம். கம்ப்யூட்டர்ல யமஹா எக்ஸ்பான்ஷன் மேனேஜர்னு இலவச மென்பொருள் போட்டு, அதுல பேக்கைத் தயார் பண்ணி பென் டிரைவ் வழியா ஏத்தணும். அதே வரிசையில எஸ்.எக்ஸ்700-ல 400 எம்.பி., எஸ்.எக்ஸ்900-ல 1 ஜி.பி. விலை ஏறுறதுக்கு இதுவும் ஒரு காரணம். அந்த ரெண்டுலயும் 7 அங்குல டச் ஸ்கிரீன் இருக்கு, இதுல டச் கிடையாது. பென் டிரைவ்ல "ஆயிரம் தமிழ் ஸ்டைல் ஐநூறு ரூபா"ன்னு விற்பாங்க பாருங்க, அதுல பாதி யாரோ ஒருத்தர் ராத்திரி பூரா உட்கார்ந்து செஞ்ச உழைப்பைத் திருடினது. செஞ்சவங்ககிட்டயே காசு கொடுத்து வாங்குங்க, சந்தேகம் வந்தா கேட்கவும் ஆள் இருக்கும்.

கமகத்துக்குப் பிட்ச் பெண்டைப் பழகணும். நாதஸ்வரத்தோட அசைவை எந்தக் கீபோர்டும் முழுசா கொண்டு வந்துடாது. என் காதுக்குக் கிட்ட வர்றது புல்லாங்குழலும் வயலினும்தான்.

எடை 8 கிலோ சொச்சம். திண்டுக்கல்ல இருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு. பஸ்ல மடியில வெச்சுட்டு வர்ற ஆளுக்கு, 11 கிலோவைத் தாண்டற எஸ்.எக்ஸ்900-ஐ விட இது எவ்வளவோ மேல். பேட்டரில ஓடாது, அடாப்டர் மட்டும்தான். மலையில மழைக்காலத்துல கரண்ட் எப்போ போகும்னு சொல்ல முடியாது, இன்வெர்ட்டர் இல்லன்னா பாட்டு பாதியில நிக்கும். இன்னொண்ணு பனி. ராத்திரி மேல ஈரம் இறங்கும். கவர் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பை ரெண்டு போடச் சொல்லியிருக்கேன்.

இப்போ காசு

80,000 ரூபாய் பில்லுல 18% ஜி.எஸ்.டி. மட்டும் 12,203 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு இருக்கறவங்க இதை வரவு எடுத்துக்கலாம். கச்சேரி பண்ற பெரும்பாலானவங்க வருமானம் 20 லட்சத்தைத் தொடறதில்ல, பதிவும் இருக்காது, அதனால இது போன காசுதான்.

பையன் முதல்ல கேட்டது "மாமா, உங்க கார்டுல நோ காஸ்ட் இ.எம்.ஐ. போட்டுக்கலாமா?"ன்னு. அவன்கிட்ட கிரெடிட் கார்டு இல்ல. வாழை, காபி, மிளகுன்னு இருக்கற குடும்பத்துல சம்பள ஸ்லிப் எங்கே இருக்கும்? நான் முடியாதுன்னுட்டேன். அவன் ஒரு மாசம் தவறினா அடிபடறது என் சிபில், அப்புறம் உறவு. இதுல எனக்குக் கூச்சமே கிடையாது.

அது போக, நோ காஸ்ட்ங்கறது பேர்தான். பேங்க் வட்டியே இல்லாம கடன் கொடுக்கற திட்டங்களை ரிசர்வ் பேங்க் 2013-லயே தடுத்துடுச்சு. அதனால இப்போ வட்டி உண்டு, அந்த அளவுக்கு விலையில தள்ளுபடி காட்டறாங்க. 80,000-த்துக்கு 12 மாசம், மாசம் 6,667. வட்டி 15%-ன்னு வெச்சா, பேங்க் கணக்குல கடன் 73,862, வட்டி 6,138. அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி., அதாவது 1,105 ரூபாய், நீங்கதான் கட்டணும். பிராசஸிங் கட்டணம் 199-ன்னா வரியோட 235. மொத்தம் 1,340. முழுப் பணமும் ஒரே தடவையில கொடுத்தா 3% குறைக்கறேன்னு கடைக்காரர் சொன்னார், அந்த 2,400-ம் போயிடும். ஆக 3,740 ரூபாய். பெரிய கொள்ளை இல்ல, ஆனா சும்மாவும் இல்ல.

அவன் போன வழி: நகைக்கடன் 45,000, மீதி அவன் சேமிப்பு. கீபோர்டு 77,600-க்கு வந்துச்சு. ஸ்டாண்டு, பெடல், பை, கேபிள் 9,000. மொத்தம் 86,600. கடன் 10% வட்டி, ஒரு வருஷத்துக்குள்ள அசலும் வட்டியும் சேர்த்து ஒரே தடவையில கட்டற வகை. 10 மாசத்துல மூட்டா வட்டி 3,750. இ.எம்.ஐ. செலவும் கிட்டத்தட்ட அதேதான், ஆனா அங்கே 80,000-மும் கடன், இங்கே 45,000 மட்டும். செலவை மட்டும் பார்த்தா இ.எம்.ஐ. மலிவு. ஆனா மாசா மாசம் 6,667 எடுத்து வைக்கறதுக்கு அவன் வருமானம் மாசா மாசம் வர்றதில்ல. முகூர்த்த மாசத்துல கொட்டும், புரட்டாசில காயும். ஒரே தடவையில கட்டற கடன் அந்த ஓட்டத்துக்குப் பொருந்தும். பயம் என்னன்னா, தவணை தேதியை விட்டா செயின் ஏலத்துக்குப் போகும்.

வாங்கினது லாபமா? நாலு வருஷம் கழிச்சு 40,000-த்துக்கு வித்தா (நான் கொஞ்சம் தாராளமாத்தான் போட்டிருக்கேன்), தேய்மானம் 46,600. வருஷத்துக்கு 11,650. அதை 1,200 வாடகையால வகுத்தா, வருஷம் 10 கச்சேரில வாடகைக்குச் சமம். ஆனா அந்த 86,600 எஃப்.டி.ல 7%-க்கு இருந்திருந்தா வருஷம் 6,062 வந்திருக்கும். அதையும் சேர்த்தா 15 கச்சேரி. போன வருஷம் அவன் வாசிச்சது 26. வாடகையா மட்டும் 31,200 போயிருக்கு. அதனால வாங்கினது சரிதான். வருஷத்துக்கு எட்டு, பத்து கச்சேரின்னா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். அவங்க வாடகையிலயே ஓட்டலாம், இல்லன்னா செகண்ட் ஹேண்டு. அப்படி எடுத்தா 61 கட்டையையும் ஒண்ணு விடாம மெதுவா தட்டிப் பாருங்க. பலமா தட்டினா தேஞ்ச கட்டைகூட நல்லா பேசும், மெதுவா தட்டினாத்தான் குட்டு வெளிப்படும்.

இதுல இறுக்கமான இடம் ஒண்ணு இருக்கு. செயினை மூட்ட 48,750 வேணும். ஒரு கச்சேரிக்கு 2,500-ன்னா 20 கச்சேரி சம்பளம் முழுசா அதுக்கே போகணும், நடுவுல ஒரு டீக்காசு எடுக்காம. 26-ல 20! அதனால ரெண்டு ஏற்பாடு. ஒவ்வொரு கச்சேரி முடிஞ்சதும் 1,200-ஐ, அதாவது பழைய வாடகையை, தனி சேமிப்புக் கணக்குல போட்டுடணும். கச்சேரி இல்லாத வாரநாள் சாயங்காலம் நாலு பிள்ளைங்களுக்கு கிளாஸ், தலைக்கு மாசம் 500. பத்து மாசத்துல அது 20,000. 26 கச்சேரியும் அந்தப் பத்து மாசத்துக்குள்ள வந்தா வாடகைக் காசு 31,200. ரெண்டும் சேர்ந்தா 51,200, செயின் வீட்டுக்கு வந்துடும், கொஞ்சம் மிஞ்சும். 24 கச்சேரிக்குக் கீழே போனா அசல்ல துண்டு விழும். மாசி மாசம் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்துல சுத்துப்பட்டு ஊர் புக்கிங் எத்தனை வருதுங்கறதுலதான் இருக்கு. இதுவரைக்கும் ஒன்பது கச்சேரிக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கான். பாஸ்புக்கை மாசம் ஒரு தடவை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பணும்னு பேசியிருக்கோம்.

வாடகை, விலை, கச்சேரி எண்ணிக்கை மூணையும் உங்க ஊர் நிலவரப்படி மாத்திப் போட்டுக்குங்க. ஹெட்போன் சவுண்டையும் ஸ்பீக்கர் சவுண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சு வீடியோல போட்டிருக்கேன். மொபைல் ஸ்பீக்கர்ல கேட்காதீங்க, வித்தியாசமே தெரியாது.