கை தேர்ந்தவருக்கே கை நடுங்கும்போது

1993 ஜூலை, விம்பிள்டன் பெண்கள் இறுதிப்போட்டி. ஸ்டெஃபி கிராஃபை எதிர்த்து ஆடிய செக் வீராங்கனை யானா நோவோட்னா, கடைசி செட்டில் 4-1 என்று முன்னால் இருந்தார். சர்வீஸும் அவருடையது, 40-30. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் 5-1. முதல் சர்வ் தப்பியது. இரண்டாவது சர்வ் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. அதற்குப் பிறகு களத்தில் இருந்தது வேறு யாரோ என்று சொல்லும்படி ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய பந்துகளைக்கூடத் தவறவிட்டார். கிராஃப் வரிசையாக ஐந்து கேம்களை எடுத்துக் கோப்பையை வாங்கிக்கொண்டார். பரிசளிப்பில் கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து நோவோட்னா அழுத படத்தை டென்னிஸ் ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை.

பத்து, இருபது நிமிடத்தில் ஒருவருக்கு டென்னிஸ் மறந்துபோகாது. தோளிலோ மணிக்கட்டிலோ காயமும் இல்லை. ஆனாலும், பல்லாயிரம் முறை அடித்துப் பழகிய அடி கைக்கு வரவில்லை. மேடையில் பாடகருக்கு வரி மறப்பது, நேர்முகத் தேர்வில் நன்றாகத் தெரிந்த பதில் தொண்டையில் நிற்பது, பொதுத்தேர்வில் முதல் மதிப்பெண் மாணவிக்கு முதல் பக்கமே புரியாமல் போவது எல்லாமே இதே வகைதான். இதைக் கோழைத்தனம் என்றும், தயாரிப்பு போதவில்லை என்றும் சொல்லிவிடுகிறோம். இரண்டும் பெரும்பாலும் தவறான கணிப்பு. அந்தக் கணிப்பை நம்பி நாம் கொடுக்கும் அறிவுரை, தடுமாறியவரை இன்னும் தடுமாற வைக்கிறது.

உடம்புக்குள் நடப்பது

ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் விரல் நுனி சில்லிடுகிறது. வாய் வறள்கிறது, வயிற்றைப் பிசைகிறது. ஓடுவதற்கும் சண்டை போடுவதற்கும் இந்த ஏற்பாடு பிரமாதமாக உதவும். வீணைத் தந்தியை மீட்டவும், துப்பாக்கியின் விசையை அழுத்தவும், ஊசி போடவும் உதவாது. நுணுக்கமான வேலைக்குச் சிறு நடுக்கமே போதும், எல்லாம் கெட்டுவிடும்.

என்றாலும் படபடப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதே துடிப்போடு அற்புதமாக ஆடுபவர்களும் உண்டு. கவனம் எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

கைக்குத் தெரிந்ததில் மனசு தலையிடும்போது

பல வருடம் வார்டில் வேலை பார்த்த ஒரு செவிலியரைக் கவனித்துப் பாருங்கள். நோயாளியிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே முழங்கைக்கு மேல் பட்டையைக் கட்டுவார், ஒரு விரலால் தடவி ரத்தக்குழாயைக் கண்டுபிடிப்பார், பேச்சு முடிவதற்குள் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி ஏறியிருக்கும். எந்தச் சாய்வில் ஊசியை வைத்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. இன்னொரு நாள் நோயாளி பெரிய டாக்டரின் அம்மா. கட்டிலைச் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். ஊசி சரியான சாய்வில் இருக்கிறதா, விரலை இவ்வளவு அழுத்தலாமா என்று அன்றைக்குத்தான் அவர் யோசிக்கத் தொடங்குகிறார். ஊசி ரத்தக்குழாயைத் துளைத்து அப்பால் போய்விடுகிறது; கை வீங்குகிறது. அவருக்கு வேலை தெரியாமல் இல்லை. படிப்படியாகச் சொல்ல வேண்டிய கட்டத்தை அவருடைய கை எப்போதோ தாண்டிவிட்டது. மனசு மறுபடியும் படிப்படியாகச் சொல்லத் தொடங்கியதும் கையின் ஓட்டம் அறுந்துவிட்டது.

அமெரிக்க உளவியலாளர் சியான் பைலாக்கும் அவரது குழுவும் இதைக் கால்பந்தை வைத்துச் சோதித்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் பந்தை உருட்டிச் செல்லும்போது காலின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். பழகிய வலது காலில் ஆட்டம் கெட்டது. பழகாத இடது காலிலோ அதே கவனிப்பு உதவியாக இருந்தது. கற்கும் காலத்தில் நன்மை செய்யும் கவனம், கை தேர்ந்த பிறகு தடையாகிறது. ‘பார்த்துப் பண்ணு, கவனமாப் பண்ணு’ என்று நல்ல எண்ணத்தோடு நாம் சொல்லும் வார்த்தை தேர்ந்தவரின் காதில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூளையால் செய்யும் வேலைகளில் வழுக்கல் வேறு விதம். கணக்குப் போடும்போது எண்களை ஏந்தி வைத்திருக்கும் தற்காலிக நினைவு ஒரு சின்ன சிலேட்டு மாதிரி. ‘தோற்றுவிட்டால்?’, ‘அப்பா என்ன சொல்வார்?’ என்ற கவலைகள் அதில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டால் கணக்குக்கு மிச்சம் இருக்கும் இடம் போதாது. 2005-இல் வெளிவந்த பைலாக்கின் இன்னொரு ஆய்வில், அழுத்தம் கொடுத்தபோது சரிந்தவர்கள் தற்காலிக நினைவாற்றல் அதிகம் உள்ளவர்களே. குறைவாக உள்ளவர்களின் மதிப்பெண் பெரிதாக மாறவில்லை. நிறைய இடத்தை நம்பி நுட்பமான வழியில் கணக்குப் போடுபவருக்கே இடம் பறிபோகும்போது இழப்பு அதிகம். கெட்டிக்காரப் பிள்ளைகள் பரீட்சையில் சறுக்குவதைப் பார்த்து ‘தலைக்கனம்’ என்று பேசுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சதுரங்க சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். டிரா ஆகும் என்று எல்லோரும் எண்ணிய நிலையில், கடிகாரத்தில் நேரம் குறைந்துகொண்டிருக்க, நடப்புச் சாம்பியன் டிங் லிரன் 55-வது நகர்வில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். எதிரே இருந்த 18 வயது சென்னைப் பையன் குகேஷுக்குப் பட்டம் வந்தது. அவர்மீதும் அழுத்தம் குறைவாக இல்லை. வெள்ளைக் காய்களோடு ஆடிய முதல் ஆட்டத்திலேயே தோற்றவர் அவர். ஆனால், 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்த மனநலப் பயிற்சியாளர் பேடி அப்டனிடம் முன்கூட்டியே பயிற்சி எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஓப்பனிங்கைத் தயாரிப்பதைப் போலவே மனசையும் தயாரிக்க வேண்டும் என்று அந்த வயதில் ஒருவருக்குத் தோன்றியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒத்திகையிலேயே கொஞ்சம் பதறுங்கள்

தனி அறையில் நூறு முறை பயிற்சி செய்தவருக்கு, நூற்றியோராவது முறை கூட்டத்தின் முன் செய்வது புது அனுபவம். ஆகவே பழக வேண்டியது பதற்றத்தோடுதான். பேச்சுப் போட்டிக்குப் போகும் பிள்ளை பக்கத்து வீட்டாரைக் கூட்டி உட்கார வைத்துப் பேசட்டும். பொதுத்தேர்வு எழுதுபவர் மாதிரித்தாளை நாற்காலி மேசை போட்டு, மணி பார்த்து, பாதியில் எழுந்திருக்காமல் எழுதட்டும். ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட வேண்டியவர், தெருவில் நண்பர்கள் நின்று பார்க்க எட்டு போட்டுப் பழகட்டும். ஃபோனில் வீடியோ எடுத்தாலே பலருக்குப் பாதிப் படபடப்பு வந்துவிடும். பயிற்சிக்கு அதுவே போதும்.

அந்த நிமிடத்தில்

மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பின் வேலையால் நாடித்துடிப்பு சற்றுத் தணியும். நாலைந்து மூச்சு போதும்.

அவசரப்படாதீர்கள். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் கால்பந்துப் பெனால்டி உதைகளை ஆராய்ந்தபோது, நடுவர் விசில் ஊதியதும் ஓடிப்போய் உதைத்தவர்கள் அதிகம் தவறவிட்டது தெரியவந்தது. இந்த அவஸ்தை சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற தவிப்புதான் அவர்களை விரட்டுகிறது. எப்போதும் ஒரே வரிசையில் செய்யும் சில சின்னச் செயல்கள் இங்கே கைகொடுக்கும்: பேனாவைத் திறந்து வைப்பது, வினாத்தாளை ஒருமுறை முழுக்கப் படிப்பது, பிறகு எழுதுவது.

கவனத்தைக் கை கால்களில் வைக்காமல் போய்ச் சேர வேண்டிய இடத்தில் வையுங்கள். பந்து விழ வேண்டிய இடம், ராகத்தின் அடுத்த பிடி, கேட்பவரின் முகம் என்று ஏதாவது ஒன்றில்.

‘பயப்படாதே’ என்று மனசுக்கு உத்தரவு போடுவது பலிப்பதில்லை. ஹார்வர்டு பேராசிரியர் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கு முன் ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், பதற்றமாக இருப்பதாகச் சொன்னவர்களைவிட நன்றாகப் பாடினார்கள். உற்சாகத்திலும் இதயம் இப்படித்தான் அடிக்கும் என்பதால் மனசு அதை ஏற்றுக்கொள்கிறது. பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் தன் கவலைகளைத் தாளில் எழுதிவிட்டுப் போன, பரீட்சைப் பயம் உள்ள மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுத்ததை 2011-இல் ராமிரெஸும் பைலாக்கும் காட்டினார்கள். செலவில்லாத மருந்து இது. எல்லாப் பள்ளிகளும் செய்து பார்க்கலாம்.

அன்றைக்குக் காலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காபி வேண்டாம். முந்தின இரவு தூக்கத்தைக் கெடுத்துப் படிக்கவும் வேண்டாம்.

மாத்திரையைத் தேடுகிறவர்களுக்கு

மேடை நடுக்கத்துக்குப் புரோப்ரனலால் மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் சில கலைஞர்களிடம் இருக்கிறது. துடிப்பையும் நடுக்கத்தையும் அது குறைப்பது உண்மைதான். அதனால்தான் துப்பாக்கி சுடுதல், வில்வித்தை போன்ற போட்டிகளில் அதற்குத் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியத் துப்பாக்கி சுடும் வீரர் ஒருவர் இந்த மருந்தால் இரண்டு பதக்கங்களை இழந்தார். ஆஸ்துமா உள்ளவருக்கு இது மூச்சை அடைக்கலாம். நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ குறைவாக உள்ளவருக்கு மயக்கம் வரலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவருக்கு, சர்க்கரை இறங்குவதைக் காட்டும் படபடப்பை மறைத்துவிடலாம். தெரிந்தவர் கொடுத்தார் என்று இதை வாங்கிப் போடவே கூடாது. மருத்துவர் சொன்னால் மட்டும் போடுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்கள்

நோவோட்னாவுக்கு ‘முக்கியமான நேரத்தில் கவிழ்பவர்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. 1995 பிரெஞ்சு ஓப்பனில் கடைசி செட்டில் 5-0 என்று இருந்துவிட்டுத் தோற்றபோது அது இன்னும் இறுகியது. 1997-இல் விம்பிள்டன் இறுதியில் மறுபடியும் தோற்றார். 1998-இல், 29 வயதில், அதே விம்பிள்டனை வென்றார். அந்தப் பட்டத்தைச் சூட்டியவர்கள் யாரும் அவர் வெல்வதற்கு உதவவில்லை. வீட்டில் பிள்ளைக்கு இப்படி ஒரு பட்டத்தைச் சூட்டிவிடாதீர்கள். பரீட்சைக்குக் கிளம்பும் வாசலில் ‘உன்னைத்தான் நம்பியிருக்கோம்’ என்று சொல்வதும் சுமைதான். சாப்பிட்டாயா, ஹால் டிக்கெட் எடுத்தாயா என்று கேட்டால் போதும்.

எப்போது உதவி தேவை

தேர்வோ மேடையோ முடிந்ததும் படபடப்பு அடங்கிவிட்டால் கவலை வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கம் கெடுவது, நெஞ்சு அடைப்பதுபோல் திடீர்த் திகில் வருவது, பயத்தால் தேர்வையும் வேலையையும் தவிர்க்கத் தொடங்குவது, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டுவது இவற்றில் எது இருந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் உளவியல் சிகிச்சை இதற்கு நன்றாகப் பலன் தருகிறது. மருத்துவமனைக்குப் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். உங்கள் பிள்ளைக்காக நீங்களும் அழைக்கலாம்.