பழைய மழிப்புக்கத்தியைச் சீர்செய்தல்

மழித்தல் என்பது பழந்தமிழ்ச் சொல். திருக்குறளின் 'கூடாவொழுக்கம்' என்னும் அதிகாரத்தில் அஃது ஆளப்பெற்றுள்ளது. 'சவரம்' என்பது வடசொல் வழியே பின்னர் வந்து வழங்குவது. ஆகவே, முகம் வழிக்கும் கருவியை மழிப்புக்கத்தி எனினும் சவரக்கத்தி எனினும் ஒக்கும்.

அமெரிக்கராகிய ஜில்லெட் என்பார், தேய்ந்ததும் எறிந்துவிடத்தக்க மெல்லிய அலகுடைய கருவியை 1903-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் மடக்குக்கத்தி வீடுகளிலிருந்து மெல்ல மறைந்தது. ஆயினும், பாட்டனார் கையாண்ட கத்தி சில வீடுகளில் பெட்டியின் அடியில் துருவேறிக் கிடப்பதுண்டு. அதனைத் துலக்கி மீண்டும் பயன்படுத்த விரும்புவோரும் உளர்.

அவ்விருப்பம் நன்று. ஆனால், துரு நூறாண்டில் செய்யாத கேட்டை ஆர்வமுள்ள கை அரைமணி நேரத்தில் செய்துவிடும். இரும்பிலிருந்து தேய்த்து எடுத்ததை மீண்டும் ஒட்ட இயலாது. ஆதலின், எதனை எடுக்கலாம், எதனைத் தொடலாகாது என்று முன்னரே அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

எஃகும் அதன் பதமும்

மழிப்புக்கத்திக்குப் பெயர்பெற்ற ஊர்களுள் தலையாயவை இரண்டு. ஒன்று இங்கிலாந்தின் ஷெபீல்டு. மற்றொன்று ஜெர்மனியின் சோலிங்கன். பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர் 1740-களில் மூசையிலிட்டு எஃகு உருக்கும் முறையை ஷெபீல்டில் நிலைநாட்டினார். தென்னிந்தியாவுக்கு அது புதுக்கலையன்று. மண் மூசையில் ஆக்கிய தென்னிந்திய எஃகினை மேனாட்டார் 'ஊட்ஸ்' என்றனர். அப்பெயர் 'உக்கு' என்னும் கன்னடச் சொல்லின் திரிபென்பர். நம் 'உருக்கு' அதன் இனச்சொல்லாகும். இலண்டனில் கத்தி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அவ்வெஃகினைப் பெரிதும் மதித்தார். அவரும் மைக்கேல் பாரடேயும் அதனை ஆராய்ந்து, எஃகுக் கலவைகளைப் பற்றி 1820-இலும் 1822-இலும் கட்டுரைகள் வெளியிட்டனர். தாம் ஆக்கிய எஃகினால் மழிப்புக்கத்திகள் செய்வித்துப் பாரடே நண்பர்களுக்கு வழங்கியதும் உண்டு.

எஃகு எத்துணை உயர்ந்ததாயினும், கூர்மையை நிலைக்கச் செய்வது அதற்கு ஏற்றிய பதமே. செக்கச் சிவக்கக் காய்ச்சிய எஃகினைச் சட்டெனத் தோய்த்துக் குளிர்வித்தால் அது மிகக் கடினமாகும். அதே வேளையில் கண்ணாடிபோல் நொறுங்கும். பின்னர் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் அளவில் மெல்லச் சூடேற்றினால், கடினம் பெரிதும் குன்றாமல் நொறுங்குந்தன்மை தணியும். இதுவே பதம்.

இப்பதத்தின் பகை சூடு. மின்சாணையில் வைத்த கத்தியின் மெல்லிய வாய் ஓரிரு நொடிகளில் காய்ந்துவிடும். தடித்த முதுகைப் பற்றியுள்ள விரல்களுக்கு அச்சூடு எட்டுவதற்குள் தீங்கு நேர்ந்துவிடும். வாய்ப்புறம் முதலில் வைக்கோல் நிறமும், பின் பழுப்பும், இறுதியில் நீலமும் பெறும். நீலம் பாரித்த இடத்தில் பதம் போயிற்று என்பது பொருள். அவ்விடத்தை எத்துணை தீட்டினும் கூர்மை நில்லாது. மீண்டும் காய்ச்சித் தோய்க்க முற்பட்டால் மெல்லிய அலகு கோணிப்போகும். ஆதலின், பழங்கத்தியைக் கையாலும் தண்ணீராலுமே துலக்குதல் தக்கது.

முதற்பணி பார்வையே

கத்தியைக் கையிலெடுத்தவுடன் தேய்க்கத் தொடங்கலாகாது. நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தல் வேண்டும். வாயிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை போன்ற வெடிப்பு ஓடியிருந்தால், அக்கத்தியை முகத்தில் வைத்தல் ஆகாது. அதனை நினைவுப்பொருளாகப் பாதுகாப்பதே முறை.

அடுத்து நோக்கத்தக்கது, அலகும் பிடியும் சேரும் கழுத்தில் பொறித்த முத்திரை. முடியுருவுடன் 'டபிள்யூ. ஆர்.' என்னும் எழுத்துகள் காணப்படின், நான்காம் வில்லியம் ஆண்ட 1830–1837 காலத்தை அவை சுட்டும். 'வி. ஆர்.' என்பது விக்டோரியா அரசியின் காலமாகிய 1837–1901-ஐக் குறிப்பது. அமெரிக்கா 1890-இல் இயற்றிய மக்கின்லி வரிச்சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என்றது. அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற கத்திகளில் நாட்டின் பெயர் உண்டா இல்லையா என்பது காலத்தைக் கணிக்கத் துணைசெய்யும். இம்முத்திரைகள் ஆழமற்றவை. பளபளப்பை விரும்பி அழுத்தித் தேய்த்தால், கத்தியின் பிறப்புச் சான்று அழிந்துபோகும்.

துரு நீக்கல்

செந்துரு இரும்பைத் தின்று பரவுவது. அதனை நீக்கியே ஆகவேண்டும். கரிய படலம் அத்தகையதன்று. அஃது ஓரளவு இரும்பைக் காப்பது, ஆதலின் விட்டுவிடலாம். சில நாள் எண்ணெயில் ஊறவைத்தபின், நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்க்கலாம். நானூறாம் எண்ணில் தொடங்கிப் படிப்படியாக ஈராயிரம் வரை செல்லுதல் பொருந்தும். அலகை மரப்பலகை மீது கிடத்தி, வாய்க்கு நாடா ஒட்டி, அலகின் நீளவாக்கில் தேய்த்தால் கைக்கு ஊறு நேராது. துரு அரித்த பள்ளம் முதுகுப்பக்கம் இருப்பின் கவலையில்லை. வாயைத் தொடும் பள்ளமே கூர்மையைக் குலைப்பது.

மாற்றமும் முக்கோணமும்

வாய் உடைந்த கத்தியைச் சிலர் தேய்த்துக் குறுக்குவர். தடித்த முதுகைச் சிலர் அழகுக்காக மெலிதாக்குவர். இங்கு வடிவகணிதம் குறுக்கிடுகிறது. மழிப்புக்கத்தியைத் தீட்டும்போது வாயும் முதுகும் ஒருசேரக் கல்லில் படியும். ஆகவே, வாயின் கோணத்தை முடிவுசெய்வது தீட்டுவோர் கையன்று. முதுகின் தடிப்பும் அலகின் அகலமுமே.

அலகின் அகலம் 22 மில்லிமீட்டர், முதுகின் தடிப்பு 6 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். வாயின் கோணம் 16 பாகைக்குச் சற்றுக் குறைவாக அமையும். மழிப்பதற்கு அது பொருத்தமானது. அலகை 16 மில்லிமீட்டராகக் குறுக்கி முதுகை அப்படியே விட்டால் கோணம் ஏறத்தாழ 21½ பாகையாகும். கத்தி வழிக்காமல் இழுக்கும். அகலத்தை விட்டு முதுகை 4 மில்லிமீட்டராக மெலிதாக்கினாலோ, கோணம் ஏறத்தாழ 10½ பாகையாகச் சுருங்கும். வாய் எளிதில் உதிரும். எனவே, ஒன்றைக் குறைத்தால் மற்றதையும் அதே விகிதத்தில் குறைத்தல் வேண்டும். உயர்வகுப்பு மாணாக்கர்க்கு முக்கோணக் கணக்கைக் கற்பிக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

முனை உடைந்திருந்தால் அதனை வட்டமாக்குதல் கோணத்தைத் தொடாத மாற்றம். ஆதலின் அதற்குத் தடையில்லை. பிடியை மாற்றுவதும் அத்தகையதே. பழம்பிடிகள் கொம்பு, தந்தம், செல்லுலாய்டு ஆகியவற்றால் ஆனவை. இவற்றுள் செல்லுலாய்டு முதுமையில் சிதைந்து அமில ஆவியை வெளிவிடும். அவ்வாவி அலகைத் துருப்பிடிக்கச் செய்யும். எளிதில் தீப்பற்றுவதும் அதன் இயல்பு. சிதையத் தொடங்கிய அத்தகைய பிடியைக் கழற்றி, கத்திக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

தீட்டலும் காத்தலும்

ஆயிரமாம் எண் கல்லில் வாயை ஒழுங்காக்கி, நாலாயிரம், எண்ணாயிரம், பன்னீராயிரம் என நுண்மையான கற்களுக்குச் செல்வர். கல்லில் வாய் முன்செல்லும். இறுதியில் தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்செல்ல வேண்டும்; இல்லையேல் தோலை வெட்டிவிடும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று மிக்க நாடுகளில், பயன்படுத்திய கத்தியை உடனே துடைத்துத் தையல் இயந்திர எண்ணெய் தடவி வைத்தல் நலம். ஒருவர் கத்தியை மற்றொருவர் பயன்படுத்தலாகாது. கல்லீரல் அழற்சியை விளைக்கும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாத குருதித் துளியிலும் தொற்றக்கூடியவை.

தேய்க்கும்போது எழும் தூசும் எளிதாக எண்ணத்தக்கதன்று. ஷெபீல்டில் சாணைக்கல்லின்முன் குனிந்து உழைத்த தொழிலாளர் பலர் கல்தூசு நுரையீரலிற் படிந்து இளமையிலேயே மாண்டனர். அந்நோயைப் பற்றி 1830-இல் ஆர்னல்டு நைட், 1843-இல் கால்வர்ட் ஹாலந்து ஆகிய மருத்துவர்கள் எழுதியுள்ளனர். உலர்சாணையே மிகக் கொடியது என்பது அந்நாளிலேயே அறிந்த செய்தி. நீரில் நனைத்துத் தேய்ப்பதும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும் அவர்தம் துன்பம் நமக்குக் கற்பித்த பாடங்கள்.

பழங்கத்தியின் குழிவும் கோணமும் அத்தகையோர் மூச்சை விலையாகத் தந்து அமைத்தவை. அவற்றைக் கெடாமல் காத்து, துருவை மட்டும் அகற்றி, வாய்க்கு உரிய கூர்மையை மீட்டுத் தருவதே சீர்செய்தல் எனப்படும். முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தும், முத்திரை இழந்து பதமும் இழந்த கத்தி புதுப்பிக்கப்பட்டதன்று, அழிக்கப்பட்டதேயாம். எவ்விடத்தில் கையை நிறுத்துவது என்று அறிதலே இத்தொழிலின் உயிர்நாடி.