பெயர் தாங்கி நிற்கும் மரங்கள்

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகருக்கு மேற்கே சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில் பல்லாரட் என்னும் ஊர் இருக்கிறது. 1851-இல் பொன் கிடைத்ததால் பெயர் பெற்ற ஊர் அது. ஆனால் நாம் இங்கே எழுதப் புகுவது அவ்வூர்ப் பொன்னைப் பற்றியன்று. அவ்வூர்ச் சாலை மரங்களைப் பற்றி.

முதலாம் உலக மகாயுத்தத்திற்குச் சென்றவர்களின் நினைவாக, 1917 முதல் 1919 வரை, சுமார் 22 கிலோமீட்டர் நீளத்திற்குச் சாலையின் இருமருங்கிலும் ஏறத்தாழ 3,800 மரங்கள் நடப்பட்டன. ஆளுக்கொரு மரம், மரத்திற்கொரு பெயர்த்தகடு. இதனை முன்னின்று நடத்தியது அரசாங்கமன்று, படைத்தலைவர்களுமல்லர். எலனர் லூகாஸ் என்னும் அம்மையார் 1888-இல் தொடங்கிய ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த சுமார் 500 பெண்களே அவர்கள். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து கூலிக்கு உழைத்தவர்கள், ஓய்ந்த நேரத்தில் நிதி திரட்டினார்கள்; மண்வெட்டியும் பிடித்தார்கள். நூலோடும் துணியோடும் வாழும் நம் அங்கத்தினர்களுக்கு அந்தக் கைகளின் உழைப்பு இன்னதென்று நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

மரங்களை வரிசைப்படுத்திய முறைதான் நம்மை மிகவும் கவர்கின்றது. பதவி பார்த்து வைக்கவில்லை. எவர் முதலில் படையில் பெயர் கொடுத்தாரோ அவருக்கு முதல் மரம். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு நிலம். தாதியருக்கும் அதில் இடமுண்டு. கட்டாயப் படைச்சேர்ப்பை 1916-லும் 1917-லும் வாக்களித்து மறுத்த நாடு அது. சென்றவர் யாவரும் தாமாகச் சென்றவர்களே. ஆதலின் பெயர் கொடுத்த நாளையே அளவாகக் கொண்டது பொருத்தமென்போம். மாண்டவர்களுக்கு மட்டுமன்றி மீண்டவர்களுக்கும் மரம் வைத்ததால், தம் பெயர் தாங்கிய மரம் வளர்வதைக் கண்ணாரக் கண்டவர்களும் இருந்தார்கள்.

சாலையின் தொடக்கத்தில் எழுப்பிய வெற்றி வளைவை 1920 ஜூன் 2-இல் பிரிட்டிஷ் இளவரசர் திறந்து வைத்தார். அவருக்கு அப்பெண்கள் அளித்த பரிசு, தாங்களே தைத்த பட்டு இரவுடை! வாளும் கேடயமும் கொடுப்பதைவிட இது நமக்குப் பிடித்திருக்கிறது.

கல்லை நாட்டினால் வேலை முடிந்துவிடும், மரம் அப்படியன்று. எல்ம், ஓக், ஆஷ், மேப்பிள் முதலிய அயல்நாட்டு மரங்கள் அவை. வறட்சி வாட்டும், காற்று முறிக்கும், முதுமையும் வந்து சேரும். நட்டவர்கள் மறைந்த பின்னரும் பராமரிப்பு நிற்கவில்லை. பட்டுப்போன மரங்களுக்குப் பதிலாகப் புதிய கன்றுகள் வைக்கப்பட்டு வருகின்றன. நூறாண்டு கண்ட பெருமரங்களுக்கு நடுவே, ஆளுயரமும் எட்டாத கன்றொன்று யாரோ ஒருவருடைய பெயரைத் தாங்கி நிற்கும்.